ஒரே ஒரு பயனருக்கான மென்பொருள்: சைட் புராஜெக்ட் தொடங்குவோருக்கு

ஆயிரக்கணக்கானோர் எழுதி, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் லினக்ஸும் ஃபயர்பாக்ஸும் ஓப்பன் சோர்ஸ்தான். ஒருவர் தன் தேவைக்காக விடுமுறை நாளில் இருநூறு வரி எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைப்பதும் ஓப்பன் சோர்ஸ்தான். இந்த இரண்டாவது வகையை எப்படித் தொடங்குவது, எப்படிக் கொண்டுபோவது, எங்கே நிறுத்துவது என்று இங்கே பார்ப்போம். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தால் போதும். பைத்தானில் ஒரு ஃபைலைத் திறந்து படிக்கத் தெரியும் என்கிற அளவு இருந்தால் தாராளம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் திட்டத்துக்குப் பயனர் ஒரே ஒருவர், அது நீங்கள். எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த மொழியில் எழுதுவது, யாராவது ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது, எல்லாமே இதிலிருந்துதான் வரும். புதிதாக வருபவர்கள் இடறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னும் வராத பத்தாயிரம் பேரை மனதில் வைத்து லாகின் பக்கமும் லோகோவும் செய்யத் தொடங்குவார்கள். உண்மையான வேலைக்கு வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

எதைச் செய்வது?

நல்ல ஐடியா வரட்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் வராது. அதற்குப் பதில், உங்களுக்கு எது எரிச்சல் தருகிறது என்று பாருங்கள். கணினியில் திரும்பத் திரும்பக் கையால் செய்யும் வேலை எது? எந்தத் தகவலைத் தேட ஒவ்வொரு முறையும் நாலு இடத்துக்குப் போகிறீர்கள்? ஒரு வாரம் ஒரு ஃபைலில் ஒற்றை வரிகளாக இவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால், ஏழெட்டில் ஒன்றாவது செய்யக்கூடியதாக இருக்கும்.

கர்ல் என்ற கருவி இப்படித்தான் பிறந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1990-களின் பிற்பாதியில் ஐஆர்சி அரட்டையில் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) வைத்திருந்தார். அது நாணய மாற்று விகிதம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. விகிதங்களை இணையத்திலிருந்து தானாக எடுத்துவர, வேறொருவர் எழுதியிருந்த சிறு நிரலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1998-இல் அதற்குக் கர்ல் என்று பெயர் வைத்தார். இன்று போன், டிவி, கார் என எதிலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுடையதும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொடக்கம் எவ்வளவு சின்னது, எவ்வளவு சொந்தமானது என்பதை மட்டும் பாருங்கள்.

சதுரங்கத்தில் எந்தத் தொடக்க ஆட்டத்தில் அதிகம் தோற்கிறீர்கள் என்று கணக்கெடுக்கும் நிரல், வெண்பாவை நேர் நிரை என்று அசை பிரித்துக் காட்டும் கருவி, படித்த நூல்களில் அடிக்கோடிட்ட வரிகளில் தினம் ஒன்றைத் திரையில் காட்டும் ஒன்று: இவையெல்லாம் நல்ல அளவு. "இது என்னைத் தவிர யாருக்கும் தேவைப்படாதே" என்று தோன்றினால் கவலை வேண்டாம், அது நமக்குச் சாதகம்தான். தேவைப்படுபவர் ஒருவர் என்றால் விருப்பத்தேர்வுகளே வேண்டாம். உங்கள் பழக்கத்தை நேராகக் கோடில் (நிரலில்) எழுதிவிடலாம். நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இது முடிந்தால் மறுநாளே பயன்படுத்துவேனா? தயங்கினால் பட்டியலில் அடுத்ததைப் பாருங்கள்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு சாதாரண எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு ஃபோல்டரில் குவிந்து கிடக்கும் போட்டோக்களுக்கு, அவை எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் வைத்துப் பெயர் மாற்றும் நிரல்.

"இதற்குத்தான் ஏற்கெனவே எக்ஸிஃப்டூல் இருக்கிறதே?" என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. 2003-லிருந்து வளர்ந்துவரும் அருமையான கருவி, நம் வேலையை ஒரே கட்டளையில் முடித்துவிடும். வேலை முடிந்தால் போதும் என்றால் அதையே பயன்படுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. படத்துக்குள் தேதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தால் நீங்களே எழுதுங்கள். இரண்டில் எது உங்கள் நோக்கம் என்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். வணிகத் திட்டத்தில் சக்கரத்தை மறுபடி கண்டுபிடித்தால் நஷ்டம். இங்கே கண்டுபிடிப்பதில்தான் பாதி சுகம்.

எல்லை போடுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். முதல் வரியில், நிரல் என்ன செய்யும். அடுத்த மூன்றில், என்ன செய்யாது. நம் எடுத்துக்காட்டுக்கு: ஒரு ஃபோல்டரில் உள்ள ஜேபெக் படங்களுக்குத் தேதிப்படி பெயர் வைக்கும். வீடியோக்களைத் தொடாது. உள்ஃபோல்டர்களுக்குள் போகாது. தனி விண்டோ கிடையாது, டெர்மினலில் மட்டும் ஓடும்.

இந்தச் "செய்யாது" வரிகள்தான் திட்டத்தைக் காப்பாற்றும். டொனால்ட் கனூத் போன்ற கணினி அறிவியல் மேதைக்கே இதில் கணக்குத் தப்பியது. தன் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுக்கோப்பு பிடிக்காமல், தானே ஒரு அச்சுக்கோப்பு நிரல் எழுதிவிடலாம் என்று டெக்கைத் தொடங்கினார். 1978-இல் கிடைத்த ஆய்வு விடுப்புக்குள் முடித்துவிடலாம் என்பது எண்ணம். அது நிலைத்த வடிவத்துக்கு வந்தது 1989-இல். அவருக்குப் பொறுமை இருந்தது, நமக்கு வாரக் கடைசிகள்தான் இருக்கின்றன.

முதல் பதிப்பு

ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் கிட்டைத் (நிரலின் ஒவ்வொரு நிலையையும் பதிந்துவைக்கும் கருவி) தொடங்கிவிடுங்கள். ஒருவர் மட்டுமே எழுதினாலும் கிட் வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நேற்றைக்குத் திரும்பிப் போக வேறு நல்ல வழியில்லை. கிளைகள், ரீபேஸ் எல்லாம் இப்போது தேவையில்லை. ஏதாவது ஒன்று வேலை செய்ததும் ஒரு கமிட் (அந்த நிலையின் பதிவு), அவ்வளவே.

அடுத்து, மிக மெல்லிய முழு நிரலை எழுதுங்கள். ஒரே ஒரு படத்தைத் திறக்க வேண்டும், அதன் தேதியைத் திரையில் காட்ட வேண்டும். பெயர் மாற்றுவது அப்புறம். பைத்தானில் படங்களுக்குப் பில்லோ என்ற நூலகம் (பிறர் எழுதிவைத்த, எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இருக்கிறது. அதை வைத்துப் படத்தின் எக்ஸிஃப் தகவலை (கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்புகள்) கேட்டால் எண்களைச் சாவியாகக் கொண்ட ஒரு பட்டியல் வரும். தேதி என்று 306-ஆம் எண்ணில் ஒன்று கிடைக்கும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதி. எடிட் செய்த படத்தில் தவறான நாளைச் சொல்லும். ஷட்டரை அழுத்திய நேரம் இருப்பது 36867-இல். அதைக் கேட்டால் காலியாக வரும்! ஏனென்றால் அது மேல்மட்டப் பட்டியலில் இல்லை, 34665 என்ற எண் சுட்டும் உள்பட்டியலுக்குள் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் கிடைக்கும்.

சரி, தேதி கிடைத்துவிட்டது. அதன் வடிவத்தைப் பாருங்கள்: 2023:07:14 18:22:05. நேரத்தில் மட்டுமல்ல, தேதியிலும் முக்காற்புள்ளி. எக்ஸிஃப் தரத்தின் வழக்கம் அது. இதை அப்படியே ஃபைல் பெயராக்கினால் விண்டோஸ் ஏற்காது, அங்கே பெயரில் முக்காற்புள்ளி கூடாது. ஆகவே 2023-07-14_18-22-05 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டு முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள். இப்படி வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்.

இப்போது நேரமண்டலம் என்று ஒரு சங்கதி வரும். எக்ஸிஃபின் இந்த நேரத்தில் அது எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு இல்லை. அதற்கான தனிக் குறிகள் 2016-இல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தன. பழைய கேமராப் படங்களில் அவை இருக்காது. இதை முழுமையாகத் தீர்க்க முயன்றால் ஒரு மாதம் ஓடிவிடும். உங்கள் படங்கள் பெரும்பாலும் ஒரே ஊரில் எடுத்தவை என்றால் விட்டுவிடுங்கள். பயனர் ஒருவர்தான் என்று சொன்னேனே, அதன் பலனை அனுபவிக்கும் இடம் இது.

தேதியே இல்லாத படங்களும் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்களிலும், அரட்டைச் செயலிகள் வழியாக வந்த படங்களிலும் எடுத்த நேரம் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். தொடாமல் விட்டு, எத்தனை விடுபட்டன என்று கடைசியில் ஒரு வரி காட்டினால் போதும்.

பெயர் மாற்றும் பகுதிக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். தொடர்ச்சியாகப் படபடவென்று எடுத்த படங்களில் இரண்டுக்கு ஒரே விநாடி இருக்கும், ஆகவே ஒரே பெயர் வரும். பைத்தானின் ரீநேம் கட்டளை விண்டோஸில் பிழை காட்டி நிற்கும். லினக்ஸிலும் மேக்கிலும் சத்தமில்லாமல் பழைய ஃபைலின் மேல் எழுதிவிடும், ஒரு படம் போய்விடும். எனவே ஃபைல்களை மாற்றும், அழிக்கும் எந்த நிரலுக்கும் மூன்று பழக்கங்கள் வேண்டும்:

1. வழக்கமாக ஓட்டினால் எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்ட வேண்டும் (இதை ட்ரை ரன் என்பார்கள்). உண்மையில் மாற்றத் தனியாக ஒரு விருப்பம் கொடுத்து ஓட்ட வேண்டும்.
2. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் -1, -2 என்று சேர்க்க வேண்டும். மேலே எழுதவே கூடாது.
3. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிவைக்க வேண்டும். தப்பாகப் போனால் திரும்பி வர அதுதான் வழி.

இதற்குமேல் சோதனை என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். படங்கள் இருக்கும் ஃபோல்டரை நகலெடுத்து, நகலில் ஓட்டிப் பாருங்கள்.

மொழியும் நூலகங்களும்

தெரிந்த மொழியில் புதிய வேலை, அல்லது தெரிந்த வேலையைப் புதிய மொழியில். இரண்டும் புதிதாக இருந்தால் எந்தச் சிக்கல் எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ரஸ்ட் கற்க ஆசை என்றால், மேலே சொன்ன பெயர் மாற்றியைப் பைத்தானில் முடித்துவிட்டு அதையே ரஸ்ட்டில் எழுதுங்கள்.

நூலகங்களைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் நல்லது. சைட் புராஜெக்டை நீங்கள் தினமும் தொடமாட்டீர்கள். ஒன்றரை வருடம் கழித்துத் திறக்கும்போது, இருபது நூலகங்களில் மூன்று மாறியிருக்கும், ஒன்று காணாமல் போயிருக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதைச் சார்ந்திருந்த எத்தனையோ பெரிய திட்டங்கள் ஒரே நாளில் கட்டமைக்க முடியாமல் நின்றன. மொழியோடு வரும் நூலகத்திலேயே எவ்வளவு கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். பைத்தானில் எஸ்க்யூலைட்டே உள்ளே வருகிறது, சொந்தப் பயன்பாட்டுக்கு வேறு டேட்டாபேஸ் தேவைப்படுவது அபூர்வம். வெளியிலிருந்து சேர்ப்பவற்றின் பதிப்பு எண்ணை எழுதிவையுங்கள்.

இன்னொரு கேள்வியும் இப்போது வருகிறது: ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் முழுவதையும் எழுதித்தருமே? தரும். சலிப்பான பகுதிகளை, கட்டளைவரி விருப்பங்களைப் படிப்பது போன்றவற்றை, அதனிடம் விடலாம். எந்தப் பகுதிக்காக இதைத் தொடங்கினீர்களோ, அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த 34665-ஐ நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது ஒரு மாலைப் பொழுதுக்கு நல்ல விளையாட்டு. ஃபைலை அழிக்கும் வரிகளை யார் எழுதினாலும் நீங்கள் படிக்காமல் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் வைப்பதற்கு முன்

கொஞ்ச நாள் நீங்களே பயன்படுத்துங்கள். அப்புறம் கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் என நிரல்களை வைக்கும் தளம் எதிலாவது வைக்கலாம். வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில.

வேலையில் இருப்பவர் என்றால் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதற்கும் உரிமை கோரும் பிரிவுகள் சில ஒப்பந்தங்களில் உண்டு. அலுவலக லேப்டாப்பில் எழுதுவதைத் தவிர்ப்பது எப்போதும் நல்லது.

ரகசியங்கள் அடுத்தது. ஏபிஐ சாவி (இணையச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு), பாஸ்வேர்டு கோடுக்குள் இருக்கிறதா? அழித்துவிட்டுப் புதிய கமிட் போட்டால் போகாது, கிட்டின் வரலாற்றில் பழையது அப்படியே இருக்கும். ஏற்கெனவே வெளியே போன சாவி என்றால் அதை உடனே ரத்து செய்து வேறு வாங்குங்கள். இன்னும் வெளியிடவில்லை என்றால் எளிய வழி: இப்போதைய ஃபைல்களை மட்டும் புதிய ஃபோல்டரில் போட்டு, வரலாறு இல்லாமல் புதிதாகக் கிட்டைத் தொடங்கிவிடுங்கள். சின்னத் திட்டத்துக்கு அது பெரிய இழப்பில்லை.

ரகசியம் என்றால் பாஸ்வேர்டு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பெயர் மாற்றியோடு சோதனைக்காக உங்கள் போனில் எடுத்த இரண்டு படங்களையும் போட்டுவைத்தீர்கள் என்று வையுங்கள். தேதி இருக்கும் அதே எக்ஸிஃபில் ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளும் இருக்கலாம். வீட்டில் எடுத்த படம் என்றால் வீட்டின் இடத்தையே உலகத்துக்குச் சொல்லிவிட்டீர்கள். இதற்குப் பதில் 10-க்கு 10 பிக்சலில் ஒரு வெற்றுப் படத்தை நிரலாலேயே உருவாக்கி, தேதியை மட்டும் அதில் எழுதிச் சோதனைக்கு வையுங்கள்.

கடைசியாக லைசென்ஸ். நிரலைப் பொதுவில் வைத்தாலே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. லைசென்ஸ் ஃபைல் இல்லையென்றால் பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும், மற்றவர்கள் பார்க்கலாமே தவிர எடுத்துப் பயன்படுத்த உரிமை இல்லை. சின்னக் கருவிகளுக்கு என் தேர்வு எம்ஐடி. சில பத்திகள்தான், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரையும் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். திருத்தி வெளியிடுபவர்களும் அதே உரிமையைத் தர வேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல். வணிகப் பயன்பாடு கூடாது என்று நீங்களே ஒரு வரி சேர்த்தால், 1998-லிருந்து புழங்கும் ஓப்பன் சோர்ஸ் வரையறைப்படி அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. எம்ஐடி, ஜிபிஎல் இரண்டிலும் "உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை" என்ற பகுதி இருப்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் ட்ரை ரன் செய்யாமல் ஓட்டி, குழப்பத்தோடு வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

ரீட்மீ

நிரலோடு வைக்கும் இந்த விளக்க ஃபைலை யாருக்காக எழுதுவது? அடுத்த வருடத்து உங்களுக்காக. என்ன செய்யும், எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது. கட்டளைகளை நகலெடுத்து ஒட்டும்படி முழுதாக எழுதுங்கள். அந்தத் தாளில் எழுதிய "செய்யாது" வரிகளையும் இங்கே கொண்டுவந்துவிடுங்கள், பாதிக் கேள்விகள் வராமலே போகும். மேலே ஒரு வரி: "இது என் சொந்தப் பயன்பாட்டுக்காக எழுதியது, நேரம் கிடைக்கும்போது மட்டும் கவனிப்பேன்."

பதிப்பு எண்ணை 0.1 என்று தொடங்கி, பூஜ்யத்திலேயே வைத்திருங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் செமான்டிக் வெர்ஷனிங் முறையில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் எதுவும் மாறலாம் என்றே பொருள்.

யாராவது வந்துவிட்டால்

பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். ஒருவேளை வந்தால், முதல் இஷ்யூ (பிழையோ கோரிக்கையோ சொல்லும் பதிவு) கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். "வீடியோவுக்கும் செய்ய முடியுமா?" என்று கேட்டிருப்பார்கள். உங்களுக்கு அது வேண்டுமா, அல்லது எழுத ஆசையாக இருக்கிறதா? இரண்டுமில்லை என்றால், "நல்ல யோசனை, ஆனால் இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது. ஃபோர்க் செய்து (உங்களுக்கென்று தனி நகல் எடுத்து) சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி மூடிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எஸ்க்யூலைட் உலகமெங்கும் ஓடுகிறது, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுச் சொத்தாகவே விட்டிருக்கிறார்கள். ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்றாலும் வெளியாட்களின் பங்களிப்புக்குத் திறந்ததல்ல என்று அதன் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) வந்தால், சேர்த்த மறுநிமிடத்திலிருந்து அந்தக் கோடுக்கு நீங்கள்தான் பொறுப்பு. புரியாததைச் சேர்க்காதீர்கள். அவசரப்படுத்துபவர்களுக்காக ஓடவும் வேண்டாம். எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் நடந்தது இதற்குப் பாடம். சம்பளமில்லாத பொழுதுபோக்காக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த திட்டம் அது. ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் கொடுங்கள் என்று 2022-இல் மின்னஞ்சல்கள் நெருக்கின. நாளாக நாளாக நம்பிக்கை சம்பாதித்த ஒரு உதவியாளர் உள்ளே வந்தார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால்தான் வெளியே தெரிந்தது. உங்கள் பெயர் மாற்றிக்கு இப்படி எதுவும் நடக்கப்போவதில்லை. ஆனாலும் ரெப்போவின் (திட்டத்தின் கோடு இருக்கும் இடத்தின்) சாவியை யாரிடமும் அவசரத்தில் கொடுக்காத பழக்கம் சின்னத் திட்டத்திலேயே வரட்டும்.

முடிந்ததா, நின்றதா

சைட் புராஜெக்ட் இரண்டு விதமாக ஓயும். ஒன்று, முடிந்துவிடும். செய்ய வேண்டியதைச் செய்கிறது, இனி தொட ஒன்றுமில்லை. கடைசி கமிட் மூன்று வருடம் முன்பு என்று இருந்தால் செத்த திட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டெக்கைக் காட்டலாம். மூன்றாம் பதிப்புக்குப் பிறகு அதில் புதிய வசதி கிடையாது, பிழைத்திருத்தம் மட்டும். ஒவ்வொரு திருத்த வெளியீட்டுக்கும் பதிப்பு எண்ணில் பை (π) என்ற கணித எண்ணின் அடுத்த இலக்கம் சேரும், 2021-இல் 3.141592653 வரை வந்திருந்தது.

மற்றது, ஆர்வம் போய்விடும். அப்போது வருத்தப்பட்டுக்கொண்டு பாதியில் தொங்கவிட வேண்டாம். ரீட்மீயின் மேலே "இனி கவனிக்கப்படாது" என்று ஒரு வரி எழுதுங்கள். திறந்திருக்கும் இஷ்யூக்களை மூடுங்கள். கிட்ஹப்பில் என்றால் ரெப்போவின் செட்டிங்ஸ் பக்கத்தில் அடியில் ஆர்க்கைவ் பொத்தான் இருக்கும். அழுத்தினால் படிக்கலாம், நகலெடுக்கலாம், ஃபோர்க் செய்யலாம், மாற்ற முடியாது என்ற நிலைக்குப் போய்விடும். பிறகு மனம் மாறினால் அதே இடத்தில் திரும்பத் திறந்துகொள்ளலாம்.